மந்தக் காலத்தில் வீடு: விலை குறைவு யாருக்கு லாபம்?

வேலை வாய்ப்புகள் சுருங்கும் ஒவ்வொரு முறையும் நம் குடும்பங்களில் ஒரு பழைய விவாதம் மறுபடி தொடங்குகிறது. "இடத்துக்கு விலை இறங்கிக் கிடக்கிறது, கையில் இருப்பதைப் போட்டு ஒரு வீட்டை முடித்துவிடு" என்று ஊரிலிருந்து அத்தாவோ மாமாவோ சொல்கிறார். "கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், இந்த நேரத்தில் எப்படி?" என்று துபாயிலோ தம்மாமிலோ இருக்கும் பிள்ளை தயங்குகிறார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு எடுக்கப்படாமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அல்லது ஒரு புரோக்கரின் அவசரத்தில் ஒரே வாரத்தில் முன்பணம் கைமாறிவிடுகிறது.

மந்தக் காலத்தில் வீட்டின் விலை இறங்கலாம். எந்தக் காரணத்தால் அது இறங்குகிறதோ அதே காரணத்தால் வாங்குபவரின் வருமானமும் உறுதி இழக்கிறது. இதை மறந்துவிட்டு விலையை மட்டும் பார்ப்பதுதான் பல குடும்பங்களைச் சிக்கலில் தள்ளுகிறது. "எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால் "ஒரு வருடம் சம்பளம் வராவிட்டாலும் இந்த வீடு நம் கையில் இருக்குமா?" என்று கேட்க வேண்டும்.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 8.2 சதவீதம் வளர்ந்ததாக அரசு அறிவித்தது. அதே காலாண்டில், ஆகஸ்ட் 27 முதல், இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானது. அமெரிக்காவுக்குத் தோல் பொருளும் காலணியும் அனுப்பும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களுக்கும், பின்னலாடை அனுப்பும் திருப்பூருக்கும் அது பலத்த அடி. வரி விகிதம் பேச்சுவார்த்தையில் ஏறும், இறங்கும். வேறு நாட்டுக்குப் போய்விட்ட ஆர்டர் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. அதற்கு முந்தைய மாதம்தான் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது.

ஆக, செய்தித்தாளில் வளர்ச்சி என்று வரும் அதே நாளில் ஒரு ஊரில், ஒரு தொழிலில், ஒரு வீட்டில் மந்தம் வந்துவிடலாம். வளைகுடாவை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது பழகிய அனுபவம். 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது துபாயில் கட்டுமானப் பணிகள் நின்றன. 2014 ஜூனில் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டியிருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. சவூதியில் பெரிய கட்டுமான நிறுவனங்களே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறின. 2020இல் கொரோனாக் காலத்தில் விசா முடிந்து, நிலுவைச் சம்பளத்தைக்கூட வாங்காமல் விமானம் ஏறியவர்கள் ஏராளம்.

உள்ளூர் வேலை போனால் ஒருவர் அதே ஊரில் இன்னொரு வேலை தேடலாம். வளைகுடாவில் வேலை போனால் விசாவும் போகிறது. சில வாரங்களுக்குள் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியிருக்கும். வருமானம் பாதியாகக் குறைவதில்லை, ஒரேயடியாக நின்றுவிடுகிறது. வீட்டுத் தவணையைத் திட்டமிடும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

விலை உண்மையிலேயே இறங்குகிறதா?

துபாயில் 2008க்குப் பிறகு வீட்டு விலை பாதிக்கும் கீழே சரிந்தது. பலர் மனதில் அந்தக் காட்சிதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி நடப்பதில்லை. இங்கே மந்தம் வந்தால் விலை விழுவதற்கு முன் விற்பனை நின்றுவிடும். இடம் வைத்திருப்பவர் "என் விலை வரும்போது கொடுக்கிறேன்" என்று காத்திருப்பார். அவருக்குப் பெரும்பாலும் அதன் மேல் கடன் இருக்காது. பூட்டி வைத்தால் நட்டமும் தெரியாது. பல ஆண்டுகள் ஒரே விலையில் நிற்பதுதான் இங்கே விலை இறக்கம்.

உண்மையான தள்ளுபடி மூன்று இடங்களில் கிடைக்கும். பணம் உடனே தேவைப்படும் தனி நபர் விற்கும் வீடு, கட்டி முடித்தும் விற்காமல் பில்டர் கையில் தேங்கிய பிளாட், வங்கி ஏலத்துக்கு வரும் வீடு. மூன்றிலும் வேறு வேறு ஆபத்துகள் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

நம் கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்குத் திருமணத்தோடு வீடு கொடுப்பது வழக்கம். அங்கே வீடு வாங்கும் தேதியைச் சந்தை முடிவு செய்வதில்லை, நிக்காஹ் தேதி முடிவு செய்கிறது. இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் உள்ள தகப்பன் எந்த விலையானாலும் அந்தத் தெருவிலேயே ஒரு மனை தேடுகிறார். அந்த மனைகளின் விலையை வெளிநாட்டுச் சம்பாத்தியம்தான் ஏற்றிவிட்டிருக்கிறது. அந்தச் சம்பாத்தியம் தடைப்பட்டால் அதே தெருவில் ஒரே சமயத்தில் பலர் விற்க நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது. ஊருக்குள் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு போட வேண்டும். வீட்டுக்காகத் திருமணத்தைத் தள்ளுவதா, கடன் வாங்கி வீட்டை முடிப்பதா என்று ஒரு தகப்பன் தவிப்பதற்கு இந்த வழக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜமாஅத்தாரும் பொறுப்பு.

பத்திரச் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே சமயம் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனுக்கு முன்பிருந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் பத்திரப் பதிவுக்கே போகும். பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கும் புதிய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. எப்படியானாலும், "இப்போது வாங்கி இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம்" என்று போடும் திட்டத்தில் நாம் பேரம் பேசிக் குறைத்த பணம் பத்திரத்திலும் கமிஷனிலும் கரைந்துவிடும்.

மந்தக் காலத்தில் பலருக்குத் தெரியாமல் விழும் அடி ஒன்று உண்டு. நெருக்கடியில் இருப்பவரிடமிருந்து அரசு வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினாலும் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான். அதோடு, வாங்கிய விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு அதற்கு வருமான வரி விதிக்கப்படும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இறங்கிய வட்டி மறுபடி ஏறும்

மந்தம் வந்தால் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைக்கும். உடனே வங்கிகளின் விளம்பரப் பலகைகள் "இதுவே சரியான நேரம்" என்று அழைக்கும். 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ, 2009 ஏப்ரலில் 4.75 சதவீதம் ஆனது. முதல் வருடம் 8 சதவீதம் என்ற கவர்ச்சிக் கடன்கள் அப்போதுதான் பிரபலமாயின. 2011 அக்டோபரில் ரெப்போ 8.5 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டது. 2020 மே மாதம் 4 சதவீதமாக இறக்கப்பட்ட ரெப்போ, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியது. 2025இல் மீண்டும் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவீதத்தைத் தொட்டது.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. அதனால் ஏற்றம் உடனுக்குடன் கடன் வாங்கியவரைத் தொடுகிறது. ஒரு கணக்கு பார்ப்போம். 30 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்துக்குப் போனால் தவணை சுமார் 27,960. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். பழைய தவணையையே கட்டுகிறேன் என்றாலும் முடியாது. 30 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 23,750 ரூபாய். கட்டும் தவணை அந்த மாத வட்டிக்குக்கூடப் போதாது, அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 2022க்குப் பிறகு இப்படிச் சிக்கிய கடன்கள் ஏராளமானதால்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

வட்டியின் மார்க்க நிலை நமக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தால்கூட, மந்தக் காலத்தின் குறைந்த வட்டி 20 வருடத்துக்கான வாக்குறுதி ஆகாது.

தவணை நின்றால் எத்தனை மாதம்?

தவணை தவறி 90 நாள் கடந்தால் அந்தக் கடன் வாராக் கடன் என்று வகைப்படுத்தப்படுகிறது. பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாளுக்குள் முழுக் கடனையும் கட்டு என்று வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைத் தன் பொறுப்பில் எடுக்கவும், அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடவும் அதற்கு அதிகாரம் உண்டு. மொத்தத்தில் சுமார் ஐந்து மாதம். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஊரில் ஒரு வேலையோ வியாபாரமோ பிடித்து நிலைகொள்ள ஐந்து மாதம் போதுமா என்று அவரவர் கேட்டுப் பார்க்கலாம்.

2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணை அவகாசம் கொடுத்தது. அதைத் தள்ளுபடி என்று எண்ணியவர்கள் பலர். 30 லட்சம் நிலுவைக்கு 8 சதவீத வட்டியில் மாதம் 20,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் கடனோடு ஏறியது. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவகாச கால வட்டியே வேண்டாம் என்ற கோரிக்கையை அது ஏற்கவில்லை. கடனாளி சிரமத்தில் இருந்தால் அவகாசம் தருவதையும் விட்டுக்கொடுப்பதையும் திருக்குர்ஆனின் 2:280 வசனம் வலியுறுத்துகிறது. வங்கியின் அவகாசத்துக்கோ விலை உண்டு.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள், வேலை ஆட்டம் காணத் தொடங்கியதுமே, 90 நாள் முடியும்வரை காத்திருக்காமல் வங்கிக்குப் போய் மறுசீரமைப்புக் கேட்க வேண்டும். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி அபராதம் கேட்க முடியாது. கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், மனை விற்ற பணம் என எது வந்தாலும் முதலில் இந்தக் கடனைக் குறைப்பதே அறிவு.

வங்கிக் கடன் வேண்டாம் என்பவர்களுக்கு

வட்டியே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் குடும்பங்களுக்கு இந்தியாவில் நேரான பாதை இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிசீலிக்கலாம் என்று 2008இலேயே ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. வங்கிகளில் அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கும் யோசனையும் பின்னர் ரிசர்வ் வங்கிக்குள் பேசப்பட்டது. 2017இல் அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது. மலேசியாவிலும் பிரிட்டனிலும் நிதி நிறுவனமும் வாங்குபவரும் கூட்டாக வீட்டை வாங்கி, நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் சிறிது சிறிதாக விலைக்கு எடுக்கும் முறை நடப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு முறை முத்திரைத் தீர்வை விழாதபடி பிரிட்டன் 2003இலேயே சட்டத்தைத் திருத்தியது. இங்கே அப்படி ஒரு சலுகை இல்லாததால் அந்த முறை வளரவில்லை.

எனவே நம்மவர்கள் வேறு வழிகளில் போகிறார்கள். சொந்தக்காரர்களிடம் கைமாற்று, மனைவியின் நகை, ஊர் சீட்டு, பில்டரிடமே நேரடித் தவணை. இவற்றிலும் மந்தக் காலத்துக்கே உரிய ஆபத்துகள் உண்டு.

மச்சானிடம் ஐந்து லட்சம், சாச்சா மகனிடம் மூன்று லட்சம் என்று வாங்கும் கடனுக்கு வட்டி இல்லை, நோட்டீஸும் வராது. ஆனால் அவர்களும் பெரும்பாலும் அதே நாட்டில், சில நேரம் அதே கம்பெனியில்தான் இருப்பார்கள். நமக்கு வேலை போகும் மாதத்திலேயே அவர்களுக்கும் போகலாம். திருப்பித் தர முடியாத நாளில்தான் அவர்களுக்கும் அந்தப் பணம் தேவைப்படும். பல ஆண்டு உறவு அங்கே முறிகிறது. கடனை எழுதி, சாட்சி வைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு என்று குறித்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. கடனை எழுதிக்கொள்ளும்படி 2:282 வசனம் கற்றுத்தருவதும் இதைத்தான்.

நகையை அடகு வைத்தால் அதுவும் வட்டிதான்; தவணை தவறினால் அதுவும் ஏலத்துக்குப் போகும். விற்பதாக இருந்தால் அந்த நகை மனைவியின் சொத்து. அவர் சம்மதித்துக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக வீட்டில் அவர் பெயரில் ஒரு பங்கைப் பத்திரத்திலேயே எழுதுவது நேர்மையான வழி.

வீட்டுக்காகச் சேர்க்கும் பணத்தை "ஹலால் முதலீடு, மாதம் இவ்வளவு லாபம்" என்று சொல்பவர்களிடம் போட்டு வளர்க்கலாம் என்ற ஆசை மந்தக் காலத்தில் அதிகமாகும். 2019 ஜூனில் பெங்களூருவில் ஐஎம்ஏ நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. பெயரில் மார்க்கம் இருப்பதால் கணக்கில் நேர்மை இருக்கும் என்று நம்பியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. வருடத்துக்குள் வீடு வாங்கத் தேவைப்படும் பணத்தை எந்த லாப ஆசைக்காகவும் வெளியில் போட வேண்டாம்.

ஓரளவு பாதுகாப்பான வழிகளும் உண்டு. முதலில் மனை, பிறகு அடித்தளம், பிறகு ஒரு தளம் என்று கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப கட்டுவது நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மந்தம் என்றால் கட்டுமானப் பொருளும் மலிவாகும் என்று நம்ப முடியாது. கொரோனாவைத் தொடர்ந்து 2021இல் கம்பி விலை கடுமையாக ஏறியது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பங்கு விகிதமாகப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பில்டரிடம் தவணையில் வாங்கினால், தாமதமானாலும் மாறாத ஒரே மொத்த விலை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் கட்டடம்

மந்தக் காலத்தில் வீடு வாங்குபவருக்கு மிகப் பெரிய ஆபத்து, இன்னும் கட்டப்படாத வீட்டில் பணத்தைப் போடுவது. விற்பனை நின்றால் பில்டருக்குப் பணம் நிற்கும். பணம் நின்றால் வேலை நிற்கும். நொய்டாவில் அம்ரபாலி குழுமத்தின் திட்டங்களில் பணம் கட்டிய 40,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் பதிவை ரத்து செய்து, மீதி வேலையை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்த பிறகுதான் வழி பிறந்தது.

2016இல் வந்த ரெரா சட்டம் வாங்குபவருக்குச் சில கவசங்களைத் தந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. ஆனால் நம் சிறு நகரங்களில் ஆறு வீடு, எட்டு வீடு என்று கட்டும் பில்டர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெளியே இருக்கிறார்கள். அங்கே வாங்கும்போது நம் எச்சரிக்கை மட்டுமே கவசம்.

கறுப்பாகக் கொடுக்கும் பணமும் இந்த இடத்தில்தான் காலை வாரும். "பத்திரத்தில் 30, கையில் 20" என்ற ஏற்பாட்டில் திட்டம் நின்றால், திரும்பக் கேட்க நம்மிடம் 30க்குத்தான் ஆதாரம் இருக்கும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பி, வங்கி வழியாகவே விலையைக் கொடுப்பது ஒன்றே பாதுகாப்பு.

மந்தக் காலத்தில் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கட்டி முடித்து, மின் இணைப்பும் குடிநீரும் வந்துவிட்ட வீட்டை வாங்குவது மேல். நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

அடுத்தவர் நெருக்கடியில் கிடைக்கும் வீடு

மலிவாக வரும் வீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவரின் கஷ்டம் இருக்கிறது. வேலை இழந்து திரும்பியவர், வியாபாரத்தில் நொடித்தவர், மருத்துவச் செலவில் மூழ்கியவர். அவரிடம் வாங்குவது தவறில்லை. உடனடியாகப் பணம் கொடுத்து வாங்குபவர் அவருக்கு உதவியாகவும் இருக்கலாம். ஆனால் இன்று மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இன்னும் ஒரு லட்சம் குறைப்பேன் என்று கழுத்தைப் பிடித்துப் பேசுவது வியாபாரம் ஆகாது. நியாயமான விலை என்ன என்று நமக்குத் தெரிந்திருக்கும். அதிலிருந்து எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு நாளை இறைவனிடம் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

அவசர விற்பனையில் அடிக்கடி நசுங்குவது பெண்களின் பங்கு. தகப்பனார் மவுத்தான பிறகு பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டை, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகன் அவசரத்துக்கு விற்கிறார். உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் மார்க்கமும் சட்டமும் பங்கு கொடுத்திருக்கின்றன. அவர்களின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளை வழக்கு வரும். வழக்கே வராவிட்டாலும் ஒரு பெண்ணின் ஹக்கின் மேல் நாம் குடியிருக்கிறோம். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். "தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்" என்ற உத்தரவாதத்தை ஏற்க வேண்டாம். வாய்மொழியாக ஹிபா கொடுத்தோம் என்று சொல்லப்படும் சொத்திலும் இதே கவனம் தேவை. மார்க்கச் சட்டப்படி அது செல்லலாம். ஆனால் அடுத்த முறை விற்கும்போது வாங்குபவரும் வங்கியும் எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள்.

மூலப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்பதற்கான ஆவணம் ஆகியவற்றை நம் தரப்பு வக்கீல் பார்க்க வேண்டும், விற்பவர் காட்டும் வக்கீல் பார்ப்பது போதாது. இடம் புறம்போக்கிலோ, கோயில் நிலத்திலோ, வக்ஃப் சொத்திலோ வரவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். வக்ஃப் சொத்து என்று தெரிந்தும் வாங்குவது சட்டச் சிக்கலுக்கும் மேற்பட்ட பாவம். பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார்கள் என்றால், உரிமையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அவரோடு வீடியோவில் நேரடியாகப் பேசிவிட வேண்டும். உரிமையாளர் இறந்தால் பவர் செல்லாது. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடித்தம் செய்யும் பொறுப்பு வாங்குபவருக்கு உண்டு. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் பிடிக்கும் 1 சதவீதத்தைவிட அது மிக அதிகம். நம் ஊர்களில் விற்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பதால் இதை மறக்கக் கூடாது.

வங்கி ஏலத்தில் எடுப்பவர் கேட்புத் தொகையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக 15 நாள்தான் அவகாசம். பழைய உரிமையாளர் உள்ளே குடியிருந்தால் வெளியேற்றும் பாடும், நிலுவை வரிகளும், வழக்குகளும் பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான். முழுப் பணமும் தயாராக, சட்ட அறிவும் துணையாக இல்லாதவர்களுக்கு ஏலம் ஏற்றதில்லை.

யார் வாங்கலாம், யார் பொறுக்கலாம்?

குடியிருக்கவே வாங்குகிறீர்கள், குறைந்தது ஏழெட்டு வருடம் அங்கேதான் இருப்பீர்கள், விலையில் பெரும்பகுதி கையில் இருக்கிறது, வீட்டை வாங்கி முடித்த பிறகும் ஒரு வருடக் குடும்பச் செலவு மிச்சம் இருக்கும் என்றால், மந்தக் காலம் உங்களுக்கு நல்ல காலம். பேரம் பேச நேரம் இருக்கும், பத்திரத்தைப் பரிசோதிக்க அவகாசம் கிடைக்கும், விற்பவரும் இறங்கி வருவார்.

சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு மீதியை வருங்காலச் சம்பளத்தில் கட்டலாம் என்று நினைப்பவர்கள் பொறுப்பதே நல்லது. வாடகை வீணாகப் போகிறது என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 லட்சம் மதிப்புள்ள ஒரு பிளாட்டின் வாடகை மாதம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். அதே பிளாட்டுக்கு 45 லட்சம் கடன் வாங்கினால் 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 37,640. வாடகையில் இருந்துகொண்டு வித்தியாசத்தைச் சேர்த்தால் இரண்டு வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் சேரும். விலை அதற்குள் ஏறிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. விற்பனை தேங்கிய காலத்தில் அந்த ஏற்றம் பெரும்பாலும் மெதுவாகவே வரும்.

இன்னொன்றையும் குடும்பத்துக்குள் பேசிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தன் வேலையின் உண்மை நிலையை ஊரில் சொல்வதில்லை. வீட்டாரைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறார். அது தெரியாமல் ஊரில் இருப்பவர்கள் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனி எத்தனை மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கையில் உள்ள ரொக்கம் எத்தனை மாதம் தாங்கும் என்ற மூன்றையும் கணவன், மனைவி, பெற்றோர் எல்லோரும் அறிந்த பிறகே புரோக்கருக்குப் பதில் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் தாமதமானால் இந்த வீடு கைவிட்டுப் போகலாம். தேக்கம் நிலவும் சந்தையில் இன்னொரு வீடு வரும்.

நிம்மதியாகக் குடியிருக்கும் வீட்டை, யாருடைய ஹக்கும் கலக்காத வீட்டை, அல்லாஹ் நம் குடும்பங்களுக்குத் தருவானாக.